சூரியன் மேல் போட்ட பழி

என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் பென்ஷன் வாங்கி வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆள் இருப்பது பாண்டிச்சேரி சாரத்தில். ஆனால் அவருக்கு வானிலை சொல்வது பிரெஞ்சு டிவி. அங்கே பனி என்றால் இங்கே வியர்க்க வியர்க்க மஃப்ளர் சுற்றிக்கொள்வார். ஆகவே, சூரியனில் காந்தப் புயல், வானம் சிவக்கலாம், சிக்னல் தடைபடலாம் என்று அந்த டிவி சொன்னதுமே, என் பாடு திண்டாட்டம்தான் என்று தெரிந்துவிட்டது.

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, சூரியன். பால் திரிந்தது, சூரியன். அவருடைய முட்டி வலிக்குக்கூட சூரியனே பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பிரான்சில் இருக்கும் மகள் கூப்பிடுவாள். அன்று கூப்பிடவில்லை. போன வாரம் அவள், ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ரொட்டி போடக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "அப்ப இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று இவர் கட் பண்ணிவிட்டார்.

"புயல்ல லைன் கெடச்சிருக்காது" என்றார் இப்போது.

பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தியவள் நான், சும்மா இருப்பேனா? "போனு கடலுக்கு அடியில கேபிள்ல வருதுங்க. சூரியன் எறங்கி வந்து அத அறுக்கல."

"அறுக்கலன்னு நீ போய்ப் பாத்தியா?"

பாடம் எடுத்தேன். சூரியனின் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் முறுக்கிக்கொண்டு நிற்கும். அது வெடித்தால் துகள்கள் பூமியை நோக்கிக் கிளம்பும். பூமிக்கென்று இருக்கும் காந்தப்புலம் அவற்றைத் தடுத்து, தப்பி வருவதைத் துருவங்கள் பக்கம் திருப்பிவிடும். வானம் சிவப்பது அந்தப் பக்கம்தான். பாண்டிச்சேரியில் ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடிக்குப் போய் வடக்கே பார்த்து நின்றார், கையில் போனோடு. காபி எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன்.

"அதோ பாரு, செவப்பா இருக்கு."

"அது சேதராப்பட்டு கம்பெனி லைட்டுங்க."

அவர் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்குக் கேலி மறந்துபோனது. அப்பனும் மகளும் ஒரே பிடிவாதம். இனி அவள் கூப்பிடவே மாட்டாளோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

போன் அடித்தது. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டார்.

"அப்பா" என்றாள். "காலையிலேர்ந்து ட்ரை பண்றேன்பா. இங்க சூரியப் புயலு. லைனே கெடைக்கல."

"நான் அப்பவே சொன்னேன். ஒங்கம்மாதான் நம்பல."

"ஏம்மா, நீ சொல்லு. புயல் வந்தா லைன் போவும்தானே?"

இரண்டு பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். படித்த பிசிக்ஸை எல்லாம் காபியோடு சேர்த்து விழுங்கினேன்.

"போவும்டி. இங்கயே வானமெல்லாம் செவந்து கெடக்கு."

அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சரி, மொதல்ல என்ன ரொட்டி கத்துக் குடுக்குறாங்க?" என்று அவளைக் கேட்டார்.