கை வைத்த சுவர்

எங்கள் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஜூன் பிறக்குமுன் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் நாங்களே வெள்ளையடிப்போம். வீட்டுக்கு ஒரு சுவர். பின்சுவர் எனக்கு. என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகிற வருஷம், ஈரச் சுண்ணாம்பில் நீலம் தோய்த்த கையை அழுத்தி வைத்துவிட்டாள். அந்த மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மண் சரிந்து பாதை மூடியதால் ஆஸ்பத்திரிக்கு ஜீப் இறங்கவில்லை. போய்விட்டாள்.

அதன்பிறகு வருஷாவருஷம் சுவர் முழுக்க அடிப்பேன், அந்தக் கையை மட்டும் விட்டுவிட்டு. யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

போன மழையில் மேட்டுத் தண்ணீர் வகுப்புக்குள் புகுந்தது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். புதுக் கட்டிடத்துக்குப் பிளான் போட ஒரு பெண் வந்தாள். தண்ணீர் வருகிற பக்கத்துச் சுவரை இடித்துவிடுவார்களாம்; கட்டிடம் தூண்மேல் நிற்குமாம், அடியில் தண்ணீர் தன் போக்கில் போகுமாம்.

"மழைத்தண்ணி எந்த வழியா இறங்குது?" என்று கூட்டம் போட்டு எல்லாரையும் கேட்டாள்.

பின்சுவர்ப் பக்கம்தான். எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள்.

"கிழக்கால வருதும்மா. பின்னாடி ஒரு சொட்டு வராது."

"நீ சொன்னா மழையும் கேக்கும்டி," என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். அவரும் மறுத்துச் சொல்லவில்லை.

"அப்ப பின்சுவரை வச்சே சமையல்கட்டு கட்டிக்கலாம்," என்றாள் அந்தப் பெண்.

கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. என்மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன். கூடவே பெஞ்சு மேல் நின்ற சின்னக் கால்கள் கண்ணில் வந்தன. அந்தப் பெண் ஜீப் ஏறும்போது பின்னாலேயே போனேன்.

"பாப்பா, தண்ணி பின்னாடிதான் வருது. அந்தச் சுவரை எடுத்திருங்க."

"அவங்க ஏன் மாத்திச் சொன்னாங்க?"

"எனக்காக."

பக்கத்து வீட்டுக்காரி என் வாசலில் வந்து அழுதாள். "உனக்காக மாதாவுக்குப் பயப்படாமப் பொய் சொன்னேன். நீயே போய்க் கெடுத்திட்டியேடி!"

சுவரை இடிக்கிற அன்று கொத்தனார் அந்தக் கையை மட்டும் பெயர்த்துத் தரப் பார்த்தார். சுற்றிலும் என் சுண்ணாம்பு தடித்துக் கிடந்தது. கை இருந்த இடம்தான் மெலிசு. அதுதான் முதலில் உதிர்ந்தது.

இந்த ஜூனில் புதுச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டாம், செங்கல்லாகவே இருக்கட்டும் என்றார்கள். எனக்கு வேலை இல்லை. மழையில் போய் நின்றேன். அவள் கை வைத்த இடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மேலே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.