கறுப்பு ரீசேர்ட்டின் முதுகில் ஐந்து ஊர்கள்

போன கிழமை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று, ரீசேர்ட்டைப் புறம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது. தையல் எல்லாம் வெளியே. கழுத்துக்குப் பின்னால் அளவுச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. கணினி வலையமைப்பில் பிழை தேடுவது என் வேலை. கண்ணில் பட்ட பிழையைச் சொல்லாவிட்டால் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது. ஓரமாகக் கூப்பிட்டு மெல்லச் சொன்னேன்.

"அக்கா, இது ஸ்டைல்," என்றது பிள்ளை, என்மேல் இரக்கப்பட்டு.

இந்த ஸ்டைலை மட்டக்களப்பில் முதலில் தொடங்கியவர்கள் யார் என்று அதற்குத் தெரியாது. நானும் நஸ்மியாவும். சரியாகச் சொன்னால், நானும் நஸ்மியாவும் ஒரு பெண் சிப்பாயும்.

கதை சுனாமியில் தொடங்குகிறது. எங்கள் ஊர் பெரியகல்லாறு. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் பாதி போய், நாங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தோம். வெளிநாடுகளிலிருந்து உடுப்பு மூட்டைகள் வந்தன. நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். எங்கள் மூட்டைக்கும் போட்டேன். பனிக்குப் போடும் கோட்டு நாலு, வலக்கால் சப்பாத்து மூன்று, நீச்சலுடை ஒன்று. கடலைத் திரும்பியும் பார்க்க மாட்டோம் என்றிருந்த சனத்துக்கு நீச்சலுடை! சித்தப்பா ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு வாவிக்கு வலை வீசப் போனார். "குளிருக்கில்ல மகள், முள்ளுக் குத்தாது," என்றார்.

எனக்குக் கிடைத்தது கறுப்பு ரீசேர்ட். அதற்குள் நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் நுழையலாம். முன்னால் முள்ளுக்கம்பியை உதறிப் போட்டதுபோல் வாசிக்க முடியாத ஒரு பெயர். பின்னால், முதுகு நிறைய, ஊர்ப் பெயர்களும் எதிரே திகதிகளும். அந்த நாட்களில் எங்களுக்குப் பட்டியல் என்றால் ஒன்றுதான். பெயர் இருந்தால் அரிசியோ கூரைக்குத் தறப்பாளோ கிடைக்கும். இல்லாவிட்டால் கிராம அலுவலரான விதானையிடம் போக வேண்டும். இது வெளிநாட்டு நிவாரணப் பட்டியல் என்று முடிவுகட்டி இரண்டு தரம் வாசித்தேன். பெரியகல்லாறு இல்லை.

"விதானையிட்டக் காட்டு," என்றார் அம்மா.

காட்டினேன். விதானை கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலிருந்து கீழாக வாசித்தார். "இது நம்மட பிரிவில்ல மகள்," என்று கவலையோடு திருப்பித் தந்தார்.

அந்த ரீசேர்ட்டை நான் போடுவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் அது வேலியில் காயும்போது, பக்கத்துக் கடைக்கார மாமா அதைக் கறுப்புக்கொடி என்று நினைத்து, ஹர்த்தாலாக்கும் என்று கடையைச் சாத்திவிட்டார். அதைப் பார்த்து அடுத்த கடையும். அரை நாள் எங்கள் தெருவில் ஒரு நெருப்புப்பெட்டி வாங்க முடியவில்லை.

பட்டியலின் மர்மத்தைத் தீர்த்து வைத்தவள் நஸ்மியா. ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டு மட்டக்களப்பில் கணினி திருத்தும் வகுப்புக்குப் போனேன். அதே பஸ்ஸில் அவள் காத்தான்குடியில் ஏறுவாள். வகுப்பில் பெண் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். "அது பாட்டுக் கோஷ்டி கச்சேரிக்குப் போற ஊர்கள்டி, விசரி," என்றாள். அவளுடைய மூத்த அண்ணனுக்கு, அவள் சொல்கிறபடி காக்காவுக்கு, கட்டாரில் வேலை. அவருடைய அறைத் தோழர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். ஊரில் டிரம்ஸ் அடித்தவராம். அவர் காக்காவுக்குக் கொடுத்த பாட்டுகள், தீப்பெட்டி அளவு எம்பி3 கருவியில் நஸ்மியாவிடம் வந்து சேர்ந்திருந்தன.

முதல் தரம் கேட்டபோது, ஜெனரேட்டர் ஒன்று பழுதாகிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். பிறகு அந்த இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல், கோபமாக, அவசரமே இல்லாமல் வந்தது. சுனாமிக்குப் பிறகு எனக்கு ஆறுதல் சொல்லாதவர்களே இல்லை. இந்தப் பாட்டு எதுவும் ஆறுதல் சொல்லவில்லை. அதனால்தான் பிடித்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, "இன்னொருக்காப் போடுகா," என்று மட்டும் சொன்னேன். வகுப்பில் ஈயம் வைக்கப் படித்த முதல் கிழமையே, ஒரு கருவியில் இரண்டு இயர்போன் பூட்டுகிற மாதிரி கம்பி ஒன்றை இணைத்தோம். ஒன்றரை அடி. ஒருத்தி தும்மினால் மற்றவளின் காது கழன்றுவிடும். பாட்டுகளுக்குக் கொப்பியில் அட்டவணையும் போட்டேன். நஸ்மியாவின் கருத்து என்ற நிரல் முழுவதும் "பரவால்ல" என்றே இருக்கும்.

உடுப்பிலும் அவளுக்கு என்னைவிட வசதி. "நான் கறுப்பு உடுத்தா உம்மா சந்தோசப்படுவா. கஷ்டம் ஒனக்குத்தான் புள்ள," என்று அபாயாவை உதறிக் காட்டுவாள்.

எங்களுக்கும் ஒரு கோஷ்டி வேண்டும் என்று தீர்மானித்தோம். வாத்தியம் இல்லை, குரலும் இல்லை; ஆகவே ரீசேர்ட்டிலிருந்து தொடங்கினோம். கோஷ்டியின் பெயர் செத்தல் மிளகாய்; காய்ந்தாலும் உறைப்புக் குறையாதது. அவளுடைய வாப்பாவின் துணிக்கடையிலிருந்து இரண்டு கறுப்பு ரீசேர்ட். சாரிக்குப் பூப்போடும் வெள்ளைச் சாயத்தால் ஆங்கிலத்தில் முன்னால் கோஷ்டியின் பெயர், முதுகில் ஐந்து ஊர்கள்: காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு, மட்டக்களப்பு, கட்டார். எதிரே திகதிகள், எல்லாம் அடுத்த மாதத்தில். எழுத்து என்னுடையது, கோணல் இல்லாமல் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி எழுதினேன்.

வகுப்பின் ஒன்றுகூடலுக்கு இரண்டு பேரும் அதைப் போடுவதாக ஏற்பாடு. நான் மேலே ஒரு சேர்ட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். கிழக்கில் சண்டை ஓய்ந்துகொண்டிருந்தது. சோதனைச் சாவடிகள் ஓயவில்லை. அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "வழியில ஒரு கரைச்சல் வந்திச்செண்டா அண்டைக்கே கிளாஸ் நிப்பாட்டு." வகுப்பு நின்றால் நஸ்மியாவும் பாட்டும் சேர்ந்து நிற்கும்.

நகரத்துக்கு முந்திய சாவடியில் எல்லாரும் இறங்கி நடந்தோம். பெண்களுக்குத் தகரக் கூடு. உள்ளே இருந்த பெண் சிப்பாய்க்கு எங்கள் வயதுதான் இருக்கும். சேர்ட்டைக் கழற்றச் சொன்னாள். என்னைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். ஊர்கள். வரப்போகும் திகதிகள். நாலு உள்ளூர், ஒரு வெளிநாடு. அவள் முகம் மாறியபோதுதான், நான் அடிமட்டம் வைத்து என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது.

"இது என்ன? இந்த நாள் என்ன நடக்கும்?"

சோதனை முடிந்து வெளியே போயிருந்த நஸ்மியா பேசாமல் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். திரும்பி உள்ளே வந்தாள். "பாட்டுக் கோஷ்டி மிஸ். நானும் அதிலதான்," என்று அபாயாவின் பொத்தானைக் கழற்றித் தன் முதுகையும் காட்டினாள். ஒரு பட்டியல் இருந்தால் சந்தேகம். இரண்டு இருந்தால் ஆதாரம்.

"செத்தல் மிளகாய் எண்டா?" என்று முன்பக்க எழுத்தைக் காட்டிக் கேட்டாள் சிப்பாய்.

"வியலி மிரிஸ், மிஸ்," என்றாள் நஸ்மியா, கடையில் பழகிய சிங்களத்தில்.

சிப்பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே பஸ்காரர் ஹோன் அடித்தார். நஸ்மியா கருவியை எடுத்து, இயர்போன் ஒன்றை அவளிடம் நீட்டினாள். அவள் தயங்கித் தயங்கிக் காதில் வைத்தாள். ஒரு நிமிடம் கேட்டிருப்பாள். பல்வலிக்காரியைப் போல ஒரு கண் சுருங்கியது.

"இது பாட்டா?"

"ஓம் மிஸ்."

"பாவம்," என்றாள். யாரைச் சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது. "ரெண்டு பேரும் புறத்தி மாத்திப் போடுங்க. எழுத்து வெளிய தெரியக்கூடாது."

போட்டோம். சாயம் முதுகில் உரசிக் கடித்தது. ஒன்றுகூடலில் எவரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கிழமை வகுப்பில் ஏழு பேர் ரீசேர்ட்டைப் புறம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் கோஷ்டி செய்த ஒரே சாதனை அதுதான்.

பஸ்ஸில் இருந்த எங்கள் ஊர் மாமி ஒருத்தி அம்மாவிடம் சொல்லத்தான் செய்தார். "மகளும் கூட்டாளியும் ஆமிக்காரிக்குப் பாட்டுக் கேக்கக் குடுத்ததுகள்." அம்மா என்னை நிறுத்தி வைத்து, "பாட்டுக் கேட்டவளா? மறுகா என்ன சொன்னவள்?" என்று கேட்டார். "பாவம் எண்டவள்" என்றேன். "அவளுக்காவது விளங்கிச்சு," என்று சோறு போட்டார். வகுப்பு நிற்கவில்லை.

இப்போது அந்தச் சாவடி இல்லை. தகரக் கூடு நின்ற இடத்தில் இளநீர் விற்கிறார்கள். இயர்போனுக்குக் கம்பி இல்லை. எங்கள் ஒன்றரை அடிக் கம்பி எந்தப் பெட்டியிலும் அகப்படவில்லை. என் ரீசேர்ட் அம்மாவின் அடுப்படியில் சட்டி பிடிக்கும் துணியாகி, களுவாஞ்சிக்குடி வரைக்கும் கருகிப்போனது. நஸ்மியாவுக்குச் சண்டை முடிந்த வருடம் கலியாணம். அலுவலகப் பிள்ளையின் கதையை அவளுக்கு எழுதி, "உன்ட ரீசேர்ட் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஊடு மாறக்குள்ள எங்கயோ பெய்த்து. திகதியும் முடிஞ்சிதானே புள்ள," என்று பதில் வந்தது, கட்டாரிலிருந்து.

செத்தல் மிளகாய் போய்ச்சேர்ந்த வெளியூர் அது ஒன்றுதான். அதுவும் பாதிக் கோஷ்டி.