அண்ணி விற்ற பெயர்

என் அண்ணி பெயர் விற்றுப் பிழைத்தவர். பெயர் என்றால் இணையதளத்துக்கு வைக்கிற பெயர். யாரும் எடுக்காத பெயராகப் பார்த்துத் தன் பேரில் பதிந்து வைத்துக்கொள்வார். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் யாராவது தேடிக்கொண்டு வந்தால் விலை பேசிக் கைமாற்றிவிடுவார். நான் டயர் கடை வைத்திருப்பவன். தட்டிப் பார்க்க முடியாத சரக்கை எவன் வாங்குவான் என்று கேலி செய்திருக்கிறேன். "உங்க டயர்ல காத்தாவது இருக்கு தம்பி, என் பேர்ல அதுகூட இல்ல. அதனாலதான் விலை போகுது" என்பார்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் ஒரு பம்புசெட் கம்பெனியின் வரவேற்பில் பதினோரு வருடம் போன் எடுத்தார். அந்தக் கம்பெனியின் இணையப் பெயர் சரக்கு ரயில் நீளம். நடுவில் இரண்டு கோடு, கடைசியில் ஒரு எண். நாள் முழுக்க எழுத்துக்கூட்டிச் சொல்லித் தொண்டை வற்றும். சொன்ன பிறகும் பாதிப் பேர் தப்பாக அடித்து வேறு எங்கோ போய் விழுவார்கள். நல்ல பெயர் எது என்று அண்ணி அங்கேதான் படித்தார். சின்னதாக இருக்க வேண்டும். ஒரு தடவை கேட்டாலே எழுத வர வேண்டும். எந்த நாட்டுக்காரன் வாயிலும் சிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு அர்த்தமே இருக்கக் கூடாது.

"அர்த்தம் இருந்தா அது யாரோ ஏற்கெனவே குடியிருக்கிற வீடு தம்பி. காலி வீடுன்னாதான் வாங்குறவங்க தங்களோட சாமானைக் கொண்டுவந்து இறக்க முடியும்."

புதுப் பெயர் ஒன்று தோன்றினால் அதை என் அண்ணனிடம்தான் சோதித்துப் பார்ப்பார். அண்ணன் லாரி எடைமேடையில் எழுத்தர். ஒரு கிலோ கூடக் குறைய எழுதித் தரமாட்டான். கெஞ்சினாலும் மிரட்டினாலும் எடை எடைதான். லாரிக்காரர்கள் அவனைக் 'கறார்' என்றே கூப்பிட்டார்கள். வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கிற நேரமாகப் பார்த்து அண்ணி போன் போடுவார். பெயரை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். காதில் விழுந்ததை அண்ணன் கெட்டுப்போன ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். மூன்று நாள் கழித்துச் சாப்பிடும்போது திடீரென்று கேட்பார். யோசிக்காமல் சொன்னால் பெயர் பாஸ், உடனே பதிந்துவிடுவார். தலையைச் சொறிந்தால் அந்தப் பெயரோடு உறவு முடிந்தது. பன்னிரண்டு வருடம் இப்படியே ஓடியது. அவர்கள் கைகோத்து நடந்து நான் பார்த்ததில்லை, ஆனால் இந்த போனை அண்ணன் ஒருநாளும் எடுக்காமல் விட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அண்ணி போனில் "மெவோலா" என்றார். அரைமணி நேரத்தில் எடைமேடையிலிருந்து போன் வந்தது, அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்துவிட்டான் என்று. மூளையில் ரத்த அடைப்பு. வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. "காது கேக்கும், நீங்க சொல்றது எல்லாம் புரியும். வார்த்தைதான் வராது" என்றார் டாக்டர்.

நாலாம் நாள் அண்ணி அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்து மெல்ல வாய் திறந்தான்.

"மெவோலா" என்றான்.

அண்ணி சிரித்தார், அழுதார், என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாஸாயிடுச்சு தம்பி" என்றார். அன்று சாயந்திரமே அந்தப் பெயரைப் பதிந்தார்.

வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மெவோலா. தோள் வலித்தால் மெவோலா. நான் உள்ளே நுழைந்தால், வந்துட்டியா வெட்டிப்பயலே என்கிற தொனியில் ஒரு மெவோலா. எது எதற்கு என்று அண்ணிக்கு மட்டும் அட்சரம் பிசகாமல் தெரியும். ஒருநாள் அண்ணி அவனுக்குத் தலைவாரிவிட்டபோது அவன் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டு, நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்து போனார். குறைந்தது ஒரு வருடம் விடாமல் செய்தால் நாலைந்து வார்த்தை வரலாம் என்றார். அண்ணனுக்குச் சம்பளம் நின்றுபோன நேரம். அண்ணியிடம் இருந்த மற்ற பெயர்களைச் சீந்துவார் இல்லை. அப்போதுதான் ஒரு மெத்தைக் கம்பெனி மெவோலாவைக் கேட்டு வந்தது. அவர்கள் சொன்ன விலை டீச்சருக்கு ஒரு வருடம் கொடுக்கத் தாராளமாகப் போதும்.

அண்ணிக்கு மனசு ஒப்பவில்லை. "இப்ப இது காலி வீடு இல்லயே தம்பி. இவரு குடியிருக்காரு" என்றார்.

நான்தான் எடுத்துச் சொன்னேன். "அண்ணன் வாயிலேர்ந்தா பிடுங்கிட்டுப் போறாங்க? விக்கிறது இணையத்துல இருக்கிற பேரைத்தானே? அந்தப் பணத்துல அவன் இன்னும் நாலு வார்த்தை பேசட்டும் அண்ணி."

அண்ணனையும் கேட்டோம். இடது கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஒப்பந்தம் வந்தது. எப்போதும்போல அண்ணி அதை அண்ணனுக்கு முழுக்க வாசித்துக் காட்டினார். விற்பவர் இன்றுமுதல் இந்தப் பெயரை எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"கேட்டுக்கிட்டியா அண்ணே? இனிமே மெவோலான்னு வாயே திறக்கக் கூடாது. திறந்தா கேஸ் போட்டுருவாங்க. அண்ணி உள்ள போய்க் கம்பி எண்ணணும்."

"சும்மா இருங்க தம்பி" என்று அண்ணி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன். என் ஜோக்குக்கு அவன் எப்போது சிரித்திருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் தண்ணீருக்கு டம்ளரை விரலால் தட்டினான். அதற்கடுத்த நாளும் தட்டினான். அண்ணி பயந்துபோய் மறுபடி ஸ்கேன் எடுக்க வைத்தார். புதிதாக ஒன்றுமில்லை என்றார்கள். டீச்சர் படங்களைக் காட்டினார், பாட்டுப் பாடினார், அதட்டினார். அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். ஒன்றரை மாதம் அந்த வீட்டில் டம்ளர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஒருநாள் அண்ணி பொறுக்கமாட்டாமல், "என்கூடப் பேசப் பிடிக்கலியாங்க?" என்று கேட்டு உடைந்து அழுதுவிட்டார். அண்ணன் தவித்துப்போனான். மேஜை இழுப்பறையைக் கைகாட்டினான். அண்ணி ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்ததும், தடவித் தடவி அந்த வரியில் விரலை வைத்தான். பிறகு தன் வாயைத் தொட்டான். பிறகு அண்ணியைத் தொட்டு, ஜன்னல் கம்பியைக் காட்டினான்.

அண்ணி கடைக்குப் போன் செய்தார். "தம்பி, நீங்க அன்னைக்கு விளையாட்டாச் சொன்னீங்களே, அதை இவரு நெசம்னு நம்பிட்டாரு." நான் கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன்.

"சும்மா சொன்னேண்ணே. அது வியாபாரத்துக்குப் போட்ட வரி. வீட்டுல பேசுறதுக்கு இல்ல. சத்தியமாச் சொல்றேன்." அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணன் என் தலையைத் தடவினான், மாட்டேன் என்று தலையாட்டினான். எழுத்தில் இருப்பதை வாய்ப்பேச்சுக்காக மாற்றுகிறவன் இல்லை அவன். அதிலும் ஆயுசு முழுக்க விளையாட்டுப் பேச்சே பேசியவன் நான்.

அண்ணி மெத்தைக் கம்பெனிக்கு எழுதினார், நடந்ததை ஒளிக்காமல். ஒன்பதாம் நாள் தபாலில் பதில் வந்தது. கம்பெனித் தாள், கையெழுத்து, முத்திரை எல்லாம் முறையாக இருந்தன. 'உங்கள் கணவர் இந்தப் பெயரை எங்கும், எப்போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்' என்று இருந்தது. கீழே யாரோ பேனாவால், அவர் சீக்கிரம் குணமாகட்டும் என்று எழுதியிருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

அண்ணி இரண்டு தடவை வாசித்தார். அண்ணன் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தான், கையெழுத்தைப் பார்த்தான், முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சரி என்று தலையசைத்தான். முகம் மலர்ந்தது. அண்ணியைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாய் திறந்தான்.

காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றான். உதடுகள் ஒட்டின, பிரிந்தன, ஒன்றும் வரவில்லை. "அவசரமில்லங்க, மெதுவா" என்றார் அண்ணி, அவன் முதுகைத் தடவிக்கொண்டே. மூன்றாம் தடவை உதடுகள் ஒட்டக்கூட இல்லை. இத்தனை நாள் பழக்கம் விட்டதில் அதுவும் போய்விட்டது என்று டீச்சர் பிற்பாடு சொன்னார்.

அண்ணன் தாளை அண்ணியிடம் கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்தான், வெகுநேரம். அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டுவதற்கும் அவனிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.