கடுவனின் கணுக்கால் புண்

இஸ்திரிக் கடைக்காரரைத் தெருவில் கடுவன் என்றுதான் சொல்வார்கள். வாயைத் திறந்தால் ஆண்பூனை மாதிரி பிராண்டல்தான். காலமெல்லாம் மேசைக்குப் பின்னால் நின்றே பிழைத்தவர். உட்கார்ந்து தேய்க்கிறவனைத் தொழில்காரன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். நின்று நின்று கெண்டைக்கால் நரம்பெல்லாம் கயிறாக முறுக்கிக்கொண்டன. இடது கணுக்காலின் உள்பக்கம் அரிப்பெடுத்து, சொறிந்த இடம் புண்ணாகி, மாதக்கணக்கில் நீர் வடிந்தது.

ஈரத்தைக் காயவைத்தே பிழைத்த மனுஷனுக்கு வேறென்ன தோன்றும்? பழைய துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிப் புண்மேல் வைத்தார். மேலே பவுடர். பக்குக் கட்டியதும் ஆறிவிட்டதென்று மீசையை முறுக்கினார். அடியில் புண் அகலமாகிக்கொண்டே போனது.

நாற்றம் தாங்காமல் மனைவியும் அவள் தம்பியும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்கள். நர்ஸம்மா பக்கைப் பார்த்ததும் முறைத்தாள்.

"இது காலா, சட்டைக் காலரா? காயவெச்சா ஆறும்னு யார் சொன்னது?"

"மருந்தைப் போட்டு அனுப்பும்மா. பேச்சு வேணாம்."

"மருந்து கெடக்கட்டும். ரத்தம் மேல ஏறாம கீழயே தேங்கி நிக்குது. அதனால வந்த வீக்கம் வடியாம புண்ணு மூடாது."

பாதத்துக்கு ரத்தம் சரியாக இறங்குகிறதா என்று கருவி வைத்துப் பார்த்தாள். அது குறைந்தவனுக்கு இறுக்கிக் கட்டினால் காலே போய்விடுமாம். இவருக்குக் குறையில்லை. புண்ணைக் கழுவி, ஒட்டாத துணி வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டினாள். நடக்கலாம், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, மற்ற நேரம் காலை உயரத் தூக்கி வைக்க வேண்டும் என்றாள்.

"கடையை நான் பாத்துக்கறேன் மாமா" என்றான் மச்சினன்.

கடுவனுக்குப் பொறி தட்டியது. மேசையைப் பிடுங்க மூன்று பேரும் கூட்டு! வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டுக் கடையில் போய் நின்றார். சில நாளில் கால் சிவந்து வீங்கி, காய்ச்சல் தூக்கிப் போட்டது. மறுபடி அதே நர்ஸம்மா.

"இன்னொரு தடவை அவுத்தீங்கன்னா என்கிட்ட வராதீங்க. நேரா கால் வெட்டுற டாக்டர்கிட்ட போங்க."

"அவரு அங்கதான் போவாரு. சொன்னா கேக்கற ஜென்மமா?" என்றாள் மனைவி.

இப்போது கடுவன் கடை மூலையில் சாய்ந்து கிடக்கிறார். கட்டுப்போட்ட கால் துணி மூட்டைமேல். மாத்திரையில் சிவப்பு தணிந்துவிட்டது. புண் ஓரத்திலிருந்து மூடி வருகிறது. வாய்தான் மூடவில்லை.

"மடிப்பாடா அது? மாடு மென்னு துப்பின மாதிரி இருக்கு. காலு ஆறட்டும். அப்புறம் உன் நிழலு இந்த மேசையில விழுந்தா, அதையும் தேச்சு மடிச்சு உங்கக்கா கையில குடுத்துருவேன்."

"ஆறினப்புறமும் இறுக்கமான சாக்ஸ் போடணுமாம். நின்னே வேலை செஞ்சா திரும்ப வருமாம். மேசை எனக்குத்தான் மாமா."

கடுவன் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து மச்சினன் மூஞ்சியில் பீய்ச்சி அடித்தார். காலை மட்டும் கீழே இறக்கவில்லை.