கொம்பில் ஒட்டியிருந்த மண்

என் மகன் சிறுவயதில் ஓட்டிய சைக்கிளின் முன் ஃபோர்க்கைத்தான் தோட்டத்துக்குக் களைக்கொத்தாக மாற்றினேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன் நான். பழைய இரும்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஃபோர்க்கின் இரண்டு நுனிகளையும் சுத்தியலால் தட்டையாக அடித்து, அரத்தால் ராவி, மேலே இருந்த குழாயில் ஹேண்டில்பாரின் கறுப்பு ரப்பரையே மாட்டினேன். என் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "மாட்டுக் கொம்பு மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் கொம்பு.

கர்ட்டன் கம்பியின் முனையில் தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கட்டிக் கொய்யா பறிக்க ஒன்று, செடிக்குத் தண்ணீர் தெளிக்க ஆணியால் ஓட்டை போட்ட பெயின்ட் டப்பா ஒன்று என்று இன்னும் என்னென்னவோ செய்தேன். சேலையூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருப்பது இரண்டு கட்டில் போடும் அளவு மண். அதற்கு இத்தனை ஆயுதமா என்று கேலி செய்தவள், கொம்பை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

ஆனால் கழுவ மாட்டாள். எனக்கு அது ஆகவே ஆகாது. "வேலை முடிஞ்சா கழுவித் துடைச்சு எண்ணெய் போட்டு வைக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்துவேன். "நாளைக்கும் மண்ணுக்குள்ளதானே போகப் போகுது, விடுங்க" என்பாள். வருடக்கணக்காக இதே சண்டை.

போன ஆடியில் கத்தரி நாற்று நட்டுவிட்டு உள்ளே வந்தவள், மூச்சு முட்டுகிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனவளை உயிரோடு திரும்பக் கூட்டிவர முடியவில்லை. காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் அவள் புடவைகளைத் துவைத்து மடித்தார்கள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்தார்கள், தலையணை உறையைக்கூட மாற்றிவிட்டார்கள். அவள் விட்டபடியே இருந்தது கொம்பு ஒன்றுதான். இரண்டு நுனிகளுக்கும் நடுவே அன்றைய மண் காய்ந்து ஒட்டியிருந்தது. பிடியில் அவள் விரல் பட்ட இடங்களிலும் மண். ஊருக்கெல்லாம் கழுவச் சொல்லும் நான் அதைக் கழுவவில்லை. மழையில் கரைந்துவிடக் கூடாதென்று, நான் இரும்பு சேர்த்து வைக்கும் மூட்டைக்குள் வைத்தேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பிக்கை. அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். அவள் வேண்டும் போலிருக்கும், அவ்வளவுதான்.

போகியன்று நான் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கரும்பு வாங்கப் போயிருந்தபோது, பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் வீட்டைச் சுத்தம் செய்தான். திரும்பி வந்தால் மூட்டையைக் காணோம்.

"காயலாங்கடையில போட்டுட்டேன்பா. போகிக்குக்கூட அந்தக் குப்பையை வெச்சிருக்கணுமா?" என்றான்.

அதில் ஒரு கொத்து இருந்தது, எந்தக் கடை என்று மட்டும் கேட்டேன். பழைய இரும்பில் செய்ததைப் பழைய இரும்பு என்று நினைத்துவிட்டான். தான் ஓட்டிய சைக்கிள் என்றுகூட அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவனை என்ன சொல்ல?

கேம்ப் ரோட்டுக் கடைக்கு ஓடினேன். போகிக்கு வந்த இரும்பு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கடைக்கார அம்மாள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் வோணும்?"

"மாட்டுக் கொம்பு மாதிரி ஒரு கொத்தும்மா. கறுப்புப் பிடி. தெரியாம வந்துடுச்சு."

"லோடு இன்னும் போவல சார். எங்கயும் பூடாது, தேடி வெக்கிறேன். பொங்கல் கழிச்சு வாங்க."

மண்ணோடு அப்படியே வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. கொத்தில் ஒட்டிய மண்ணைக் கேட்டு ஒரு மனுஷன் நிற்கிறானே என்று நினைப்பார் என்று கூச்சம். சொல்லாமல் வந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்தது. மகன் ஊருக்குத் திரும்பினான். கடை திறந்த அன்று காலையிலேயே போய் நின்றேன். அந்த அம்மாள் உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார்.

"ஒரே மண்ணா இருந்துச்சு சார். சோப்புத்தூள் போட்டு நல்லாத் தேச்சு, எண்ணெயும் தடவி வெச்சுகீறேன். இவ்ளோ தூரம் தேடிக்கினு வந்தீங்க, அழுக்கா குடுக்கக் கூடாதில்ல."

இரும்பு பளபளத்தது. ரப்பரின் வரிகளுக்குள்கூடத் துளி மண் இல்லை. அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன்.

ரோட்டுக்கு வந்ததும் மகன் போன் செய்தான். "கிடைச்சுதாப்பா?"

பஸ் இரைச்சலில் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"கிடைச்சுதுப்பா."