மன உறுதிக்கு நல்ல மார்க்கு

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பருத்தி எடுப்புக் காலம். கூலிக்குப் பெண்களை ஏற்றிப்போன லோடு வண்டி கவிழ்ந்து, முற்பகலில் எல்லோரையும் எங்களிடம் கொண்டுவந்தார்கள். கட்டில் போதவில்லை. வராந்தாவில் பாய் விரித்தோம்.

கால் நசுங்கிய ஒரு பெண்ணுக்கு நான் கட்டுப் போட்டேன். வலிக்கிறது என்று அவள் சொல்லவே இல்லை.

"நர்சம்மா, என் செருப்பப் பாத்தீகளா? புதுசு. நேத்துத்தான் சந்தையில வாங்குனேன்."

"தேடச் சொல்றேன் தாயி. அசையாமப் படுங்க."

மதுரைக்கு அனுப்ப வேன் வருவதற்குள் இறந்துபோனாள். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த பாய்க்குப் போனேன்.

சாயங்காலம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கிவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். என்னோடு வேலை பார்த்த இளைய நர்ஸ் மட்டும் மருந்து அறையில் போய் அழுதுவிட்டு வருவாள்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். நெருக்கடியில் வேலை செய்யும் நர்ஸுகளின் மனநலத்தை அளக்கிறாளாம். "சீக்கு இருக்கான்னு பாக்க வரலக்கா. மனசு எவ்வளவு நல்லா இருக்குன்னு பாக்கத்தான்" என்று சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். பசிக்கிறதா? தூக்கம் வருகிறதா? யார் மேலாவது எரிச்சல் வருகிறதா? எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. இருந்ததைச் சொன்னேன்.

இளைய நர்ஸ் முதல் கேள்வியிலேயே உடைந்துவிட்டாள்.

பதில்களுக்கு மார்க்குப் போட்டுக் கூட்டிப் பார்த்த மாணவி என்னிடம் வந்தாள். "இங்க ஒங்களுக்குத்தான்க்கா நல்ல மார்க்கு. மனசு ரொம்ப உறுதி."

வீட்டில் சொன்னேன். என் கணவர் சட்டையைக் கொடியில் போட்டபடி கேட்டார். "நீ கடைசியா எப்பச் சிரிச்சன்னு அந்தப் பிள்ள கேக்கலயா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரியாது. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் என் மகள் தனியாக நின்று பாடினாள். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவள் கவுனின் ஓரத் தையல் பிரிந்திருப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இளைய நர்ஸ் லீவு போட்டு ஊருக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. நோயாளிகளிடம் பழையபடி வாயாடினாள். ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"ஒங்களுக்கு அழுகையே வரலயாக்கா?"

"வரல."

"வரும்னு தோணுதா?"

"தெரியல."

தன் சோற்றில் பாதியை என் தட்டில் வைத்தாள். சாயங்கால ஊசிகளைத் தானே போட்டுவிடுவதாகச் சொன்னாள். சரி என்றேன். அதுவரை என் வேலையை நான் யாரிடமும் கொடுத்ததில்லை.

அழுகை அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடம் திருச்சுழிக்கு மாற்றலாகிப் போகிற பஸ்ஸில், காரணம் எதுவும் இல்லாமல், கொஞ்சம் வந்தது.