சாட்சிக்குக் கூப்பிட்ட சாமி

மயிலாப்பூரில் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தாவதுவரை படித்தவன். யாரிடமும் எதையும் சொல்லக் கூச்சம். மெஷினிடம் பேசவேண்டியதில்லை என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

கடை வாசலோரம் ஒரு அம்மா பூ விற்கிறார். என்னிடம் வருகிறவர்கள் ஸ்கூட்டரை அவர் கூடைமேல் ஏற்றாத குறையாக நிறுத்துவார்கள். "தள்ளி விடுங்க" என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதனால் தினமும் அவர் கோபுரத்தைப் பார்த்துக் கை நீட்டுவார்.

"ஈஸ்வரா, பாத்துக்கினுதான கீற? இந்த ஆளு வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கீறான்? வெள்ளிக்கிழமை உன் சந்நிதிக்கே வந்து சொல்றேன், நீயே கேளு!"

ஏதோ கோபத்தில் திட்டுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு கல்லூரிப் பெண் பாடக் குறிப்பு கொண்டுவந்தாள். பிரதி எடுக்கும்போதே படித்துவிடுவது என் கெட்ட பழக்கம். ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: ஆங்கிலத்தில் 'டிடெஸ்ட்' என்றால் அடியோடு வெறுப்பது. அதன் மூலமான லத்தீன் சொல்லின் பழைய பொருள், கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சபிப்பது.

பூக்கார அம்மா தினமும் செய்வது இதுதானே! ரோமாபுரிக்காரர்களே இதற்குத் தனியாக ஒரு சொல் வைத்திருந்தார்கள் என்றால் விளையாட்டுக் காரியமா? வெளியே பார்த்தேன். அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் சக்கரம் மல்லிகைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். "ஸ்டேப்பிள் பண்ணவாம்மா?" என்றுதான் வந்தது.

பெரிய தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: 'பூக்கடை அருகே வண்டி நிறுத்தாதீர்கள்.'

பூக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா எழுதிக்கீற? கண்ணாடி எடுத்தாரல, படி."

படித்தேன்.

"எனக்கே கேக்கல, கோயில் வரிக்கும் எப்டிப் போவும்? கத்திப் படி நைனா!"

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். டீக்கடையில் நின்ற நாலு பேர் திரும்பினார்கள். கல்லூரிப் பெண், "சாரி அங்கிள், மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று வண்டியை உருட்டிக்கொண்டு போனாள்.

அப்படியும் வெள்ளிக்கிழமை அந்த அம்மா கோயிலுக்குக் கிளம்பினார். திரும்பி வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை.

"கேஸ வாபஸ் வாங்கிட்டேன்" என்றார்.

"என்னன்னு சொன்னீங்கம்மா?"

"உன் பேரு யாருக்குத் தெரியும்? ஜெராக்ஸ் கடைக்காரன உட்ருன்னேன். திட்டும்போதும் 'ஜெராக்ஸ் கடைக்காரன்'னுதான் திட்டுனேன்."

எங்கள் சந்தில் மூன்று ஜெராக்ஸ் கடைகள் இருக்கின்றன. எதிர்க்கடைக்காரரின் மெஷின் போன மாதம் புகைந்துபோனது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.